ராயப்பன் மாமாவின் அடக்கத்துக்கு நல்ல கூட்டம்

உயிரோடு இருக்கும் மனிதர் ஒருவருக்கு ஆன்ம சாந்தி செபம் நடத்தியவள் நான். கூட்டத்தில் ஒருத்தியாக நின்று முணுமுணுத்திருந்தால்கூட மன்னிக்கலாம். முன்னால் நின்று, பெயரைச் சொல்லி, நிறுத்தி நிதானமாக நடத்தினேன். அப்போது நான் கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்தில் இருந்தேன். வயிற்றில் எங்கள் வீட்டுத் தலையணை.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களிடம் நான் சொல்லும் சமாதானம் ஒன்றுதான். அன்றைக்கு எனக்குக் கால் வலித்தது.

ஸ்கைப் வந்து, வாட்ஸ்அப் எங்கள் பக்கம் வந்து சேராத காலம். கருங்கலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். (ஊர் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் பொய் சொன்ன எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறோம்.) நான் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். அது போதாதென்று அன்பியச் செயலாளர். அன்பியம் என்பது எங்கள் சர்ச்சின் பங்குக்குள் நாற்பது வீடுகள் சேர்ந்த ஒரு குழு. செயலாளரைத் தேர்ந்தெடுத்த அன்று எனக்குக் காய்ச்சல், கூட்டத்துக்குப் போகவில்லை. எங்கள் ஊரில் கூட்டத்துக்கு வராதவர்களைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

டிசம்பர் வந்தால் அன்பியத்தார் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகக் கேரல் போக வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேரல் என்றால் நாற்பது ஐம்பது பேர் போவார்கள். முன்னால் முகமூடி போட்ட தாத்தா குதித்துக்கொண்டு போவார், மிட்டாய்க்காகப் பிள்ளைகள் பின்னால் ஓடுவோம். வீட்டுக்கு வீடு ஒரு பாட்டு, ஒரு செபம், பால் விடாத கட்டன் சாயா, முந்திரிக்கொத்து. பிறகு பாடுகிறவர்கள் துபாய்க்குப் போனார்கள், டிரம் அடிக்கிறவர்கள் பெங்களூருக்குப் போனார்கள், பிள்ளைகள் டியூஷனுக்குப் போனார்கள். மிஞ்சியது டிரம் மட்டும்தான்.

அந்த வருஷம் நவம்பர்க் கூட்டத்தில் பங்குத் தந்தை மெதுவாக ஆரம்பித்தார். "இனி எல்லாரையும் மண்டபத்துக்கு வரச் சொல்லிடலாமே. ஒரே இடத்தில் பாட்டு, தாத்தா, கேக். யாருக்கும் அலைச்சல் இல்லை."

எல்லாரும் தலையாட்டினார்கள். முதலில் ஆட்டியது ஜெசிந்தா அக்கா. எனக்கு அடுத்த வீட்டுக்காரி, எனக்கு முன்னால் செயலாளராக இருந்தவள். அவள் ஒன்றுக்குத் தலையாட்டினால் அதை எதிர்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு சுபாவம் உண்டு. எழுந்து நின்றேன்.

"வீடு தேடிப் போறதுதான் ஃபாதர் கேரல். மண்டபத்துக்கு வரச் சொன்னா அது ரேஷன் கடை."

இரண்டு பேர் கை தட்டினார்கள். ஃபாதர் சிரித்தார். "சரி டீச்சர். இந்த வருஷம் நீங்களே பொறுப்பெடுத்து நடத்துங்க. நாற்பது வீடும் ஒண்ணு விடாம போகணும். ஒரு வீட்டிலயும் மனத்தாங்கல் வரலைன்னா தொடர்ந்து வீடு வீடாவே போவோம். இல்லேன்னா அடுத்த வருஷம் மண்டபம்."

இப்படித்தான் எங்கள் ஊர் கேரலின் உயிர் என் கையில் வந்தது. (வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருபது வருஷமாக என் வீட்டுக்காரர் சொல்லும் ஒரே அறிவுரை அது.)

கேரலுக்குச் சேர்ந்தது ஆறு பேர். டிரம் அடிக்க என் வீட்டுக்காரர் சேவியர். திருவனந்தபுரத்தில் வேலை, வார விடுமுறைக்கு மட்டும் வருவார், முதுகில் வலி. பாட்டுக்கு மரியதாசன் அண்ணன். எந்தப் பாட்டையும் ஒரே ராகத்தில் பாடக்கூடியவர். கேரல் தோற்பதை நேரில் பார்க்க ஜெசிந்தா அக்கா. பிளஸ் டூ படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், இருவருக்கும் சேர்த்து ஒரு போன், அதிலிருந்து நிமிராத இரண்டு தலைகள். அப்புறம் நான்.

தாத்தா உடுப்பு, குவைத்துக்குப் போய்விட்ட ஒரு ஒல்லிப் பையனுக்குத் தைத்தது. சேவியருக்குத் தோளில் ஏறவில்லை, மரியதாசன் அண்ணனுக்கு வயிற்றில் மூடவில்லை. எனக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. முகமூடி போட்டால் ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியப்போகிறது? தாத்தா பேசக் கூடாது என்பது வழக்கம். ஆட வேண்டும், கை குலுக்க வேண்டும், மிட்டாய் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் இருபத்தொரு வீடுகளை எப்படியோ முடித்தோம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கெல்லாம் இறங்கினோம்.

முதல் வீட்டில் பெரிய கேட், பக்கத்தில் பேசுகிற பெட்டி. பொத்தானை அழுத்தினோம். "வீட்டில ஆள் இல்ல" என்று பெட்டிக்குள்ளிருந்து வீட்டுக்காரரே சொன்னார். அதற்கு மேல் என்ன வாதாட முடியும்? கேட்டுக்கு ஒரு பாட்டைப் பாடிவிட்டு நடந்தோம்.

அடுத்த வீட்டில் அம்மா மட்டும். மகன் துபாயில். லேப்டாப்பைத் தூக்கி எங்கள் பக்கம் திருப்பி, "மோனே, தாத்தா வந்திருக்கு பாரு" என்றாள். மோனுக்கு முப்பத்திரண்டு வயது. நான் லேப்டாப்புக்கு முன்னால் ஆடினேன், கண்ணாடிக்குக் கை கொடுத்தேன். மூன்று பாட்டு முடிந்த பிறகுதான், படம் அசையாமல் நின்று வெகு நேரமாகிவிட்டது தெரிந்தது.

இன்னொரு வீட்டில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மிட்டாய்க்காகத் தம்பியை இடித்துத் தள்ளினாள். நான் பழக்க தோஷத்தில், "வரிசையா நில்லு, கையைக் கெட்டு" என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "அம்மா, தாத்தா நம்ம ரெஜி டீச்சராக்கும்" என்றாள். பிறகு வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று அழத் தொடங்கினாள். அவளைச் சமாதானப்படுத்த கால் மணி நேரம் ஆனது.

ஆறரை மணிக்குள் எனக்கு உள்ளே போயிருந்தது பதினோரு கட்டன் சாயா. முகமூடிக்குள் மூச்சு விட்டால் பிளாஸ்டிக் வாடை. குதிகாலை ஊன்ற முடியவில்லை. அப்போதுதான் ஒரு துக்க வீடு வந்தது.

எங்கள் பக்கத்தில், சாவு நடந்த வீட்டில் அந்த வருஷம் வாசலில் ஸ்டார் விளக்கு தொங்கவிட மாட்டார்கள். இயேசு பிறந்த மாட்டுக்குடில் வைக்க மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். கேரல் அந்த வீட்டுக்கும் போகும், ஆனால் டிரம் அடிக்காது. தாத்தா முகமூடியைக் கழற்றிவிட வேண்டும். அமைதியாக உள்ளே போய், இறந்தவர் பெயரைச் சொல்லி ஒரு செபம் செய்து, தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட வேண்டும். அவர்களும் பேச மாட்டார்கள், நாமும் எதுவும் கேட்கக் கூடாது.

ஐந்தே நிமிஷம். ஆட்டம் இல்லை, சாயா இல்லை. முழங்காலில் நிற்கும்போது குதிகாலுக்கு ஓய்வு. இரண்டு வீடு தள்ளி இன்னொரு துக்க வீடு, அங்கேயும் ஐந்து நிமிஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டார் இல்லாத வீடு வராதா என்று நான் தேடத் தொடங்கிவிட்டேன்.

நாற்பதாவது வீடு ரப்பர் மரங்களைத் தாண்டி, சரிவின் அடியில். மேலிருந்து பார்த்தேன். முற்றம் இருட்டு. ஸ்டார் இல்லை.

"டிரம்மைக் கீழ இறக்குங்க" என்றேன் சேவியரிடம். அந்தக் குரலில் துக்கம் எதுவும் இல்லை, நிம்மதிதான் இருந்தது.

அது ராயப்பன் மாமா வீடு. என் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். மஸ்கட்டில் இருபத்தாறு வருஷம் கரண்ட் வேலை. லீவில் வருவார் என்றால் அந்தச் சரிவில் ஆள் ஏறி இறங்கித் தடமே விழும். சோப்பு, டார்ச், தைலம் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒன்று. அந்த ஆகஸ்டில் வேலையை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். வந்த பிறகு நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. போக வேண்டும், போக வேண்டும் என்று நினைத்ததோடு சரி.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டில் யார் இறந்தது? அதை யாரும் கேட்கவில்லை. ஏனென்றால், கேட்டால் அடக்கத்துக்குப் போகவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் எங்கள் ஊரில் மறந்துவிடுவார்கள். அடக்கத்துக்குப் போகாதவர்களை மறக்கவே மாட்டார்கள். நவம்பரில் நான் பத்து நாள் நாகர்கோவிலில் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஜெசிந்தா அக்கா மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மரியதாசன் அண்ணன் கண் ஆபரேஷன் செய்து படுத்திருந்தார். ஒரு சாவு நடந்து முடிய வசதியாக ஆளுக்குப் பத்து நாள் எங்களிடம் இருந்தது.

நான் ஆழம் பார்த்தேன். "அக்கா, நீங்க அடக்கத்துக்கு வந்தியளா?"

"பின்னே வராம? ஒன்னத்தான் காணல்ல."

"நான் பின்னால நின்னேன்."

"ஆமா, கூட்டம் கூடுதலு" என்றாள் ஜெசிந்தா அக்கா.

"கல்லறையில நானாக்கும் பாடினது" என்றார் மரியதாசன் அண்ணன்.

இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

முற்றத்தில் பிளாஸ்டிக் சேர்கள் வரிசை வரிசையாகக் கிடந்தன. அடக்கத்துக்கு எடுத்த வாடகைச் சேரைக்கூட இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, பாவம், என்று நினைத்தேன். ஓரத்தில் இருட்டுக்குள் ஒரு வைக்கோல் குவியல். உள்ளே ஹாலில் மட்டும் விளக்கு. சுவரில் ராயப்பன் மாமாவின் பெரிய படம், கோட்டு போட்டுக்கொண்டு, கழுத்தில் சந்தன மாலையோடு. அப்படியானால் போனது மாமாதான்.

பிலோமினா மாமி உள்ளேயிருந்து வந்தாள். மூக்கில் கைக்குட்டை, கண்கள் சிவந்திருந்தன. (அவளுக்கு நாலு நாளாகச் சளி. இதெல்லாம் பிறகு தெரிந்தது.) எங்களைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையை உயர்த்தினேன்.

"ஒண்ணும் பேசாண்டாம் மாமி."

முகமூடியைக் கழற்றிவிட்டு முழங்காலில் நின்றேன். எல்லாரும் நின்றார்கள். ஆள் முழங்காலில் நின்றுவிட்டால் வீட்டுக்காரர்களும் நிற்பதுதான் முறை, மாமியும் நின்றாள். நான் ஆரம்பித்தேன். "ஆண்டவரே, உம்மிடம் வந்து சேர்ந்த எங்கள் ராயப்பன் மாமாவுக்கு இளைப்பாறுதல் தாரும்" என்றேன். மாமியின் தோள் குலுங்கியது. நான் இன்னும் உருக்கமானேன். இருபத்தாறு வருஷம் கடல் கடந்து உழைத்தவர் என்றேன். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தவர் என்றேன். (கரண்ட் வேலை.) மாமி என் கையைப் பிடித்து இழுத்தாள். துக்கம் தாங்காமல் பிடிக்கிறாள் என்று நானும் அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் யாரோ வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சொந்தக்காரர் யாரோ என்று நினைத்தேன். நான் முடித்ததும் எல்லாரையும்விட உரக்க "ஆமென்" சொன்னது அந்தக் குரல்தான்.

ஜெசிந்தா அக்கா நகர்ந்து வந்து மாமியைக் கட்டிப் பிடித்தாள். "விசாரப்படாதீங்க மாமி. மாமாக்க அடக்கத்துக்கு என்னா கூட்டம். நம்ம ஊரில இப்பிடி ஒரு கூட்டம் நான் பாத்ததில்ல."

"அண்ணு மழை வேற" என்றார் மரியதாசன் அண்ணன்.

"எந்த மாமாக்க அடக்கத்துக்கு?" என்றது பின்னாலிருந்து அந்தக் குரல்.

திரும்பினேன். ராயப்பன் மாமா முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு முழம் ஃபியூஸ் கம்பி. நான் சுவரைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், மறுபடி சுவரைப் பார்த்தேன். ஜெசிந்தா அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த இரண்டு பிள்ளைகளும் அன்று முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

மாமா எழுந்திருக்கவில்லை. நிதானமாகக் கேட்டார். "எனக்க அடக்கத்துக்கா? நல்ல கூட்டம் உண்டாயிருந்துதா?"

மரியதாசன் அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"நீ வந்தியா மக்களே?" என்றார் என்னைப் பார்த்து.

இன்றைக்கும் எனக்கு விளங்காத விஷயம் இது. செத்தவரே எதிரில் முழங்காலில் நிற்கிறார். ஆனாலும் என் வாயில் வந்தது, "வந்தேன் மாமா. பின்னால நின்னேன்."

மாமிக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "ஏட்டி ரெஜி, ஒனக்கு மண்டைக்குச் சொகமில்லியா? அந்த மாலை கம்பெனியில இவியள அனுப்பும்ப போட்டது. சந்தனமாச்சே, கழட்ட மனசு வரல்லன்னு படத்தில மாட்டி வச்சிருக்காவ. ஸ்டாரு அரை மணிக்கூறுக்கு முந்தி வரைக்கும் எரிஞ்சு. வெளிய உள்ள ஃபியூஸ் போச்சு, அதுக்காக்கும் கம்பி வாங்கப் போனாவ. நாப்பது பேரு வருவினும்னு சொல்லி நாப்பது சேரும் எடுத்துப் போட்டாச்சு. நீ என்னடான்னா வந்து மனுஷனக் குழியில வச்சுக் களிக்கிய."

சிரித்திருக்கலாம். சேவியர் சிரிக்கவும் தயாராக இருந்தார். ஆனால் மாமா ஃபியூஸ் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"ஆகஸ்டு மாசம் வந்தேன். அண்ணுலேருந்து இந்தப் படியில ஒரு மனுஷன் ஏறல்ல. செத்தாத்தான் வருவியோன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா நேரத்தே சொல்லி விட்டிருப்பேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் இன்றும் மஸ்கட் டார்ச் ஒன்று இருக்கிறது, கரண்ட் போனால் முதலில் கை போவது அதன் மேல்தான். அதைக் கொடுத்தவர் வீட்டுக்கு நான் அத்தனை மாதம் போகாமல் இருந்தேன். என்னை நினைத்து எனக்கே அசிங்கமாக இருந்தது.

மாமா வெளியே போய்க் கம்பியை மாட்டினார். ஸ்டார் எரிந்தது, நாற்பது காலி சேர்களும் தெரிந்தன. வைக்கோல் குவியல் என்று நான் நினைத்தது குடில். அதில் ஒட்டகம் மட்டும் ஒன்பது.

"செத்தவனுக்குள்ள செபம் ஆச்சு" என்றார் மாமா, ஒரு சேரில் உட்கார்ந்துகொண்டு. "இனி உயிரோட உள்ளவனுக்குப் பாடுங்க. டிரம்மை எடு சேவியரே."

பாடினோம். மரியதாசன் அண்ணன் அன்று மட்டும் வேறு ராகத்தில் பாடினார். நான் முகமூடியைப் போட்டுக்கொண்டு ஆடினேன், குதிகால் வலியோடு, நிறுத்தாமல் ஆடினேன். முகமூடிக்குள் அழுதாலும் வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு நாற்பது பேருக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எங்கள் ஆறு பேர் முன்னால் வந்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்கிற யோக்கியதை எங்களுக்கு இல்லை.

மாமா யாரிடமும் குறை சொல்லவில்லை. ஜெசிந்தா அக்கா சொல்ல முடியாது, அவளும் அடக்கத்துக்கு வந்தவள். மரியதாசன் அண்ணன் மட்டும் தன் மனைவியிடம் சொன்னார். திங்கட்கிழமை காலைப் பூசைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஃபாதர் கூப்பிட்டார்.

"நாற்பது வீடும் போனீங்களா டீச்சர்?"

"போனேன் ஃபாதர்."

"எல்லாரும் சுகமா?"

"எல்லாரும் உயிரோடத்தான் இருக்காங்க ஃபாதர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். துடைத்து முடித்ததும், "அப்போ அடுத்த வருஷம் மண்டபம்" என்றார். உண்மையைச் சொன்னால், திரும்பி நடக்கும்போது முதலில் வந்தது, இனி நடக்க வேண்டாம் என்ற நிம்மதிதான். இந்தக் கதையில் நான் மிகவும் வெட்கப்படுகிற இடங்களில் அதுவும் ஒன்று.

அடுத்த வருஷத்திலிருந்து மண்டபம்தான். பொறுப்பு ஜெசிந்தா அக்கா. தாத்தாவைச் சம்பளத்துக்கு நாகர்கோவிலிலிருந்து வரவழைக்கிறார்கள், நன்றாக ஆடுகிறான். காரில் வருகிறார்கள், டோக்கனைக் கொடுக்கிறார்கள், டப்பாவில் கேக் வாங்குகிறார்கள், போகிறார்கள். ஒரு குறையும் இல்லை. யார் வீட்டில் ஸ்டார் எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்று மட்டும் இப்போது யாருக்கும் தெரியாது.

ராயப்பன் மாமா மண்டபத்துக்கு வருவதில்லை. டிசம்பர் முதல் வாரம் எனக்குப் போன் வரும். "மக்களே, ஸ்டார் எரியுது. வந்து பாத்திற்றுப் போ." நான் போவேன். அந்த மாலை இன்னும் படத்தில்தான் இருக்கிறது, "எதுக்கும் கெடக்கட்டு, ஒனக்கு ஆளு தெரியணுமே" என்பார். எங்கள் சொந்தத்தில் யாராவது நாலு நாள் போன் எடுக்கவில்லை என்றால், "ரெஜி டீச்சரக் கூப்பிட்டு ஒரு செபம் சொல்லிப் போடுவோம்" என்பது இன்றுவரைக்கும் ஓடுகிற பேச்சு. என் மகள் ஹாஸ்டலில் இருந்துகொண்டு இதைச் சொல்லியே என் வாயை அடைக்கிறாள்.

நாலைந்து வருஷம் போனது. ஒரு டிசம்பரில் எதுவும் செய்யத் தோன்றவில்லை. மகள் லீவுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சேவியர் சனிக்கிழமைதான் வருவார். பள்ளியிலிருந்து வந்தால் உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கும். ஸ்டார் பரணில் கிடந்தது. ஏணி வைத்து ஏறி அதை எடுத்து யாருக்குக் காட்டுவது என்று விட்டுவிட்டேன். மாமாவின் போன் வந்தது. "நாளைக்கு வாறேன்" என்றேன். போகவில்லை.

மூன்றாம் நாள் விளக்கு வைக்கும் நேரம், கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சாளரம் வழியாகப் பார்த்தேன். ராயப்பன் மாமா கம்பை ஊன்றிக்கொண்டு வருகிறார். பின்னால் மாமி, கையில் தூக்குப் பாத்திரம். சரிவு ஏறி, ரப்பர் காட்டைத் தாண்டி, அந்தக் காலோடு நடந்தே வந்திருக்கிறார்கள். மாமா படியில் செருப்பைக் கழற்றினார். தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்தார். சோபாவைப் பிடித்து மெல்ல முழங்காலில் நின்றார்.

"மாமா, என்னது இது?" என்றேன், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

அவர் கையை உயர்த்தினார். "ஒண்ணும் பேசாண்டாம் மக்களே."

நான் அவர் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். மாமி ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா மட்டும் சிரிக்காமல் என் பெயரைச் சொல்லி, நான் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு பட்ட பாட்டைச் சொல்லி, எனக்கு இளைப்பாறுதல் கேட்டு முழுச் செபத்தையும் நடத்தினார். எனக்கு அப்போது தேவைப்பட்டதும் அதுதான். நான் "ஆமென்" சொன்னேன்.

முடித்துவிட்டு என் தோளைப் பிடித்து எழுந்தார்.

"அடக்கத்துக்கு நல்ல கூட்டம், கேட்டியா. நான் பின்னால நின்னேன். இனி ஏணியை எடு, ஸ்டாரைப் போடுவோம்."

போட்டோம். அந்த வருஷம் எங்கள் ஊரில் வீடு தேடி வந்த கேரல் அது ஒன்றுதான்.